சுவரில் பாடம் எடுத்தவள்

எங்கள் பல்கலைக்கழகத்தில் வேலைநிறுத்தம் என்றால் முதல் கேடு மரங்களுக்குத்தான். நூலகத்துக்குப் பின்னால் நிற்கும் யூகலிப்டஸ் மரங்களில் கைக்கு எட்டிய கிளைகளை ஒடித்துக்கொண்டு, விசில் ஊதிக்கொண்டு, முனைவர் பட்டம் வாங்கிய நாங்கள் எல்லாரும் வளாகத்தைச் சுற்றி வருவோம். எவராவது ஓர் அறைக்குள் கமுக்கமாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தால் கிளையோடு உள்ளே புகுந்து, பாட்டுப் பாடி, ஆளை வெளியே கூட்டி வருவோம். அடிப்பதில்லை. இலையால் தோளில் இரண்டு தட்டு, அவ்வளவுதான். கருங்காலி என்ற பெயர் அதோடு ஒட்டிக்கொள்ளும். ஓய்வு பெறும் நாளில் கூட அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

இந்த முறை பகுதிநேர ஆசிரியர்களைக் கூண்டோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதில் பாதிப் பேர் என் பழைய மாணவர்கள். அவர்களைத் திரும்ப எடுக்கும்வரை ஒரு வகுப்பும் நடக்காது என்று சொல்லித்தான் இறங்கினோம். வகுப்பு நடக்காமல் இருப்பது ஒன்றுதான் எங்கள் கையில் இருந்த ஆயுதம். அது போனால் அந்தப் பிள்ளைகளின் பிழைப்பும் போனது.

அனுப்பிய புண்ணியவான் எங்கள் டீன், பேராசிரியர் மகோகா. ஒரு காலத்தில் இதே சங்கத்துக்குச் செயலாளராக இருந்தவர். கிளை ஒடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது, பாட்டில் அவர் தொண்டைதான் முதல் தொண்டை. நாற்காலி கிடைத்தது, தொண்டை மாறிவிட்டது. இப்போது எண்ணெயில் பொரித்த மண்டாஸிப் பணியாரத்தைப் பிட்டு வாயில் போட்டு, விரலை நக்கிக்கொண்டே, "தோழர், நிலைமையைப் புரிஞ்சுக்கணும்" என்பார். அந்த ஈர விரலோடு கை குலுக்கவும் வருவார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொள்வேன்.

போன வருடம் அவர்தான் என்னிடம் வந்து குழைந்தார். "டாக்டர் நசிமியூ, வடக்க, துர்க்கானா பாலைவனப் பக்கம் வேலை பார்த்துக்கிட்டே படிக்கிற நர்சுங்க இருக்காங்க. பாவம், வர முடியறதில்ல. நீங்க பாடம் நடத்துறத அப்படியே படம் புடிச்சு இணையத்துல போட்டுட்டா அதுங்க பார்த்துக்கும்."

எனக்கு மருந்தியல் பாடம். பிள்ளைகளுக்காக என்று கேட்டால் நான் இல்லை என்று சொல்கிற ஆள் இல்லை. மற்றவர்கள் நழுவினார்கள், ஒருவருக்குத் தலைவலி, இன்னொருவருக்கு கேமராவில் முகம் வீங்கித் தெரியுமாம். நான் ஒருத்திதான் முதல் வகுப்பு தொடங்கிக் கடைசி வகுப்புவரை நின்று கொடுத்தேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

அன்று காலை ஊர்வலத்துக்கு முன்னால் நானும் ஒச்சோலாவும் நடந்தோம். ஒச்சோலா இப்போதைய சங்கச் செயலாளர். வேலை போனவர்களில் அவன் மனைவியும் உண்டு. பெரிய கூடத்தை நெருங்கும்போது அவன் கையைத் தூக்கி விசிலை நிறுத்தினான். உள்ளே ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் பாடம் நடத்திக்கொண்டிருந்தது.

"கேட்குதா தோழர்? எவளோ உள்ள பாடம் எடுக்குறா."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "என்ன நெஞ்சழுத்தம் பாருங்க! மூக்காலயே பேசுறா, ஜலதோஷம் புடிச்ச ஆடு மாதிரி. விடுங்க, இவள நான் பார்த்துக்கறேன்."

கதவை உதைத்துத் திறந்தவள் நான்தான். பாட்டை எடுத்துக் கொடுத்தவளும் நான்தான். கிளையை ஓங்கிக்கொண்டு மேடைவரை ஓடினேன். மேடையில் யாரும் இல்லை. சுவரில், கூரைக்கும் தரைக்குமாக, பச்சைத் தலைத்துணி கட்டிக்கொண்டு நான் நின்றிருந்தேன். மூக்கால் பேசிக்கொண்டிருந்தேன்.

கூடம் முழுக்க மாணவர்கள். என்னையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அப்புறம் சிரித்தார்கள் பாருங்கள், கூரைத் தகடு அதிர்ந்தது. எங்கள் ஆட்களின் பாட்டு ஒவ்வொரு தொண்டையாக அறுந்து நின்றது. ஒச்சோலாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பழக்கதோஷத்தில் சுவர் அருகே போய், அங்கே நின்ற என் தோளில் இலையால் இரண்டு தட்டுத் தட்டினான். ஒரு பையன் விசிலடித்தான்.

"நிறுத்துங்கடா அத!" என்று கத்தினேன்.

"எங்க கையில இல்ல மேடம்," என்றான் முன்வரிசைப் பையன். "மிஷின் ரூம டீன் பூட்டிட்டுப் போயிட்டாரு. நடுவுல ஒரு நம்பர் வரும், அத போன்ல அடிச்சாத்தான் அட்டெண்டன்ஸ். அடிக்கலேன்னா பரீட்சை எழுத விட மாட்டாராம்."

நான் வேலைநிறுத்தத்தில் இருந்தேன், என் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகளுக்காக என்று கொடுத்த குரலை எடுத்து, வேலை போன என் பிள்ளைகளின் சோற்றிலேயே மண்ணைப் போட்டிருந்தான் அந்த விரல் நக்கி. சுவரை மறைத்தாவது தொலைப்போம் என்று மேடை ஏறிக் குறுக்கே நின்றேன். என் முகமே என் வயிற்றின் மேல் விழுந்து வாயசைத்தது.

"தள்ளுங்க மேடம்," என்று பின்னால் இருந்து ஒருத்தி கத்தினாள். "மேடத்த மறைக்கறீங்க!"

மறுபடி சிரிப்பு. ஒச்சோலா என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். "எல்லார் வகுப்பும் நின்னுடுச்சு தோழர். உங்களது மட்டும் நிக்கல." அதில் கோபம் கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

அப்போது நடு வரிசையில் ஜெரோட்டிச் எழுந்தாள். மாவட்ட மருத்துவமனையில் குழந்தைகள் வார்டில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற பெண். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"மேடம், சண்டைய அப்புறம் போடுங்க. அந்தக் கணக்கு எனக்கு இடிக்குது. எட்டு கிலோ குழந்தைக்கு ஜென்டாமைசின் அறுநூறு மில்லிகிராம்னு சுவத்துல போட்டிருக்கீங்க. எங்க வார்டுல ஒரு குப்பியில எண்பதுதான் இருக்கும். ஒரு குழந்தைக்கு எட்டுக் குப்பி உடைக்கணுமா?"

திரும்பிப் பார்த்தேன். கிலோவுக்கு ஏழரை என்று எழுத வேண்டிய இடத்தில் எழுபத்தைந்து என்று எழுதியிருந்தேன். புள்ளி விழவில்லை. போன வருடம், பதிவான மறுநாளே வகுப்பில் அதை அடித்துத் திருத்தினேன். அன்றைக்கு மின்சாரம் இல்லை, கேமரா ஓடவில்லை. திருத்தத்தையும் பதிவு செய்யுங்கள் என்று மகோகாவிடம் வாய் வலிக்கச் சொல்லியிருந்தேன். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று விரலைத் துடைத்தார். பார்த்த லட்சணம் சுவரில் நின்றது. பிள்ளைகள் தலையைக் குனிந்து அதை அப்படியே எழுதிக்கொண்டிருந்தார்கள். எழுபத்தைந்து, அறுநூறு. குழந்தைக்குச் சிறுநீரகம் போகும், காது போகும், பிழைத்தால்.

"வாயத் திறக்காதீங்க தோழர்," என்றான் ஒச்சோலா. "ஒரு வார்த்தை சொன்னாலும் அது வகுப்புதான். வெளிய வந்து அந்தப் பொண்ணுக்கு மட்டும் சொல்லிக்கலாம்."

"அந்தப் பொண்ணுதான் கண்டுபுடிச்சிட்டாளே. மத்தவங்க?"

"என் பொண்டாட்டிய நினைச்சுப் பாருங்க."

நினைத்தேன். வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒவ்வொரு முகத்தையும் நினைத்தேன்.

"இன்னிக்கு ராத்திரி டியூட்டி இருக்கு மேடம்," என்றாள் ஜெரோட்டிச். "இங்க பாதிப் பேருக்கு இருக்கு."

கிளையைக் கீழே போட்டேன். சுவரை ஒட்டியிருந்த கரும்பலகையில் சாக்பீஸால் பெரிதாக எழுதினேன். ஏழு, புள்ளி, ஐந்து. அதை எட்டால் பெருக்கினால் அறுபது. எடையை எப்படிச் சரிபார்ப்பது, குப்பி எண்ணிக்கை ஒன்றைத் தாண்டினால் ஏன் கை நடுங்க வேண்டும், எல்லாவற்றையும் சொன்னேன். என் குரலுக்கு மேலே சுவரின் குரல் கத்தியது, நான் அதைவிடச் சத்தமாகக் கத்தினேன். சிரித்தவர்கள் எல்லாரும் எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதினார்கள். சிலர் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். யார் என்ன சொன்னாலும் அது வகுப்புதான், நல்ல வகுப்பு.

முடித்துவிட்டுத் திரும்பினேன். எங்கள் ஆட்கள் போய்விட்டிருந்தார்கள். ஒச்சோலா மட்டும் நின்றிருந்தான். கீழே கிடந்த என் கிளையை எடுத்தான், என் தோளில் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினான், என் முகத்தைப் பார்க்காமல் வெளியே நடந்தான்.

பின்கதவுப் பக்கம் யாரோ கை தட்டினார்கள். தூக்கிய போன்களுக்கு நடுவில் மகோகாவின் போனும் இருந்தது. அதைப் பத்திரமாகச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக மேடைக்கு வந்து கையை நீட்டினார்.

"பிரமாதம் டாக்டர்! இது ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு. அந்தத் தப்பு வர்ற இடத்துல இத ஒட்டிட்டா உங்க பாடம் முழுசாயிடும். இனிமே உங்கள எதுக்கும் தொந்தரவு பண்ண மாட்டேன். நீங்க எத்தன மாசம் வேணும்னாலும் தாராளமா ஸ்டிரைக் பண்ணுங்க."