டிராயருக்குள் மேனேஜர்

என் மனைவி இறந்து நான்காவது மாதத்தில் எங்கள் கிளி முதல்முறையாக என்னைக் கடித்தது. கட்டைவிரல் நகத்துக்குக் கீழே, எலும்பு வரைக்கும். ரத்தத்தைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. பாவம், அதற்கும் தாங்க முடியவில்லை என்றுதான் தோன்றியது.

சாம்பல் நிறக் கிளி அது. வால் மட்டும் சிவப்பு. குஞ்சாக வந்தபோது மனைவி வைத்த பெயர் மேனேஜர். அவளுடைய மேசைமேல் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்து எல்லாவற்றையும் உற்றுப் பார்க்கும், ஒரு வேலையும் செய்யாது. அதனால் அந்தப் பெயர். அவள் காது கேட்கும் கருவி பொருத்துகிறவள். பகலில் கிளினிக், மாலையில் வீட்டு ஜன்னலோரம் இருந்த மூன்று டிராயர் மேசையில், கெட்டுப்போன கருவிகளைத் திறந்து சுத்தம் செய்துகொண்டிருப்பாள். கருவியை மாட்டிக்கொண்டவர்கள் போன் செய்து தொந்தரவு கொடுப்பார்கள். அவள் பொறுமையாகச் சொல்லித் தருவாள். "சின்ன பட்டனை ஒரு தடவை அமுக்குங்க. இப்ப கேக்குதா? இன்னொரு தடவை. இப்ப?"

மேனேஜர் அதைப் பிடித்துக்கொண்டது. அவள் போன ஐந்தாம் நாள் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் அவள் குரல், அந்த லேசான கரகரப்போடு, "இப்ப கேக்குதா?" என்றது. தட்டு கையிலிருந்து நழுவியது. திரும்பிப் பார்த்தால் கூண்டின்மேல் மேனேஜர், தலையைச் சாய்த்து, பதிலுக்குக் காத்திருந்தது.

அன்றிலிருந்து என் மச்சினி ஞாயிறு தவறாமல் வரத் தொடங்கினாள். அவள் நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். குளத்தின் அந்தக் கரையில் இருக்கிறவர்களோடு பேசிப் பழகிய தொண்டை. வீட்டுக்குள்ளும் அதே சத்தம்தான். வந்ததும் செருப்பைக் கழற்றும் முன்பே கேட்பாள்.

"அத்தான், அக்கா பேசினாளா?"

"காலையில ரெண்டு தடவை."

"ஐயோ, நான் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள முடிச்சிட்டாளா!"

என் மனைவிக்குப் படம் பிடிக்கப்படுவதும் குரல் பதிவாவதும் பிடிக்காது. கேமராவைக் கண்டால் கையால் மறைப்பாள். எங்களிடம் மிஞ்சியிருந்த அவள் குரல் அந்த அலகுக்குள்தான் இருந்தது. அதை போனில் பதிவு செய்துவிடலாம் என்று நாங்கள் செய்யாத தந்திரமில்லை. போனை நீட்டியதும் மேனேஜர் வாயை மூடிக்கொள்ளும். செருப்புக்குள் ஒளித்து வைத்தால் போய் அந்தச் செருப்பைக் கொத்தும்.

"அக்காவேதான்," என்றாள் மச்சினி.

நான்காவது மாதம் எல்லாம் மாறியது. மேனேஜர் பேச்சை நிறுத்திவிட்டது. பேச்சுக்குப் பதில் கத்தல். காலையில் அரை மணி, மாலையில் அரை மணி, காதைக் கிழிக்கிற மாதிரி. மேசையின் நடு டிராயர் நாலு விரல் அளவு திறந்திருந்தது. அவள் கடைசியாக மூடாமல் விட்டது, நானும் மூடவில்லை. மேனேஜர் அந்த இடுக்கு வழியாக உள்ளே நுழைந்து பின்பக்க இருட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. காகிதத்தை நார்நாராகக் கிழித்தது. எட்டிப் பார்த்தால் கண்மணி சுருங்கும், விரியும், சுருங்கும். கையை நீட்டினால் கடி.

நான் நூலகத்தில் முப்பது வருடம் புத்தக அட்டவணை தயாரித்தவன். எதைப் பார்த்தாலும் ஒரு அட்டையில் எழுதி, மேலே ஒரு தலைப்புப் போட்டு, அதற்குரிய இடத்தில் செருகிவிட்டால்தான் எனக்கு நிம்மதி. பழைய அட்டைகள் ஒரு கட்டு வீட்டில் இருந்தன. தேதி, நேரம், மேனேஜர் செய்தது என்ன என்று எழுத ஆரம்பித்தேன். ஒவ்வொரு அட்டையின் மேலும் ஒரே தலைப்பு: துக்கம்.

ஒரு நாள் அது சாப்பிட்டதை எல்லாம் தலையை ஆட்டி ஆட்டி வெளியே கொண்டுவந்து, டிராயருக்குள் கிடந்த ஒரு காது அச்சின்மேல் வைத்தது. கருவியோடு காதுக்குள் மாட்ட அவள் யாருக்கோ செய்து, சரியாக அமையாமல் போட்டு வைத்திருந்த ரப்பர் அச்சு. அவளுக்கு ஊட்டுகிறது என்று எழுதினேன். எழுதும்போது எழுத்து கலங்கியது.

துக்கத்தில் இருக்கிற ஜீவனுக்கு என்ன செய்வோமோ அதையெல்லாம் செய்தேன். டிராயரை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டேன். அவளுடைய கைக்குட்டையை மடித்து உள்ளே விரித்தேன். கேரட்டை வேகவைத்து, மசித்து, சூடாகக் கொடுத்தேன். அது வெளியே வரும் நேரங்களில் கழுத்திலிருந்து வால் வரைக்கும் தடவிக் கொடுத்தேன். அப்போதும், கைக்குட்டைமேல் உட்காரும்போதும் இறக்கையைத் தாழ்த்தி, நடுங்கி, முனகும். இருட்டில் தனியாக இருக்க வேண்டாமென்று பத்து மணிவரை விளக்கை எரியவிட்டேன். எவ்வளவு செய்தேனோ அவ்வளவு மோசமானது.

ஒரு ஞாயிறு மச்சினி டிராயர் பக்கம் முகத்தைக் கொண்டுபோய், "அக்கா, ஒரே ஒரு வார்த்தை," என்று கெஞ்சினாள். மேனேஜர் பாய்ந்து அவள் காது மடலைப் பிடித்துக்கொண்டது. விடுவிக்க எனக்கு ஒரு துண்டும் மூன்று நிமிடமும் தேவைப்பட்டன.

"அக்கா சின்ன வயசுல இதே காதைத்தான் திருகுவா," என்றாள், பஞ்சை அழுத்திக்கொண்டே. சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. "அத்தான், இது இப்படியே செத்துருமா? பேசாமலே செத்துருமா?"

மறுநாள் பறவை டாக்டரிடம் கொண்டுபோனேன். நடுவயதுப் பெண்மணி. இரண்டு கைகளிலும் பழைய கடித் தழும்புகள். மேனேஜரைத் துண்டில் சுற்றி, எடை பார்த்து, அலகைத் திறந்து பார்த்து, ஒரு சொட்டு ரத்தம் எடுத்து அனுப்பினார்.

"ஆணா, பெண்ணா?"

"மேனேஜர்," என்றேன்.

அவர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். "வயசு?"

"நாலு முடியப் போகுது."

நான் அட்டைக் கட்டை நீட்டினேன். அவ்வளவையும் நின்றபடியே படித்தார். இடையிடையே "ம்ம்" என்றார். யாரும் என் அட்டைகளை அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க சார். பார்த்தது எல்லாமே சரி. மேல போட்ட தலைப்புதான் தப்பு."

"எப்படி?"

"உங்க கிளி பெரிய ஆளாயிடுச்சு. பருவம். இந்த வகைக் கிளிக்கு மூணு வயசுல இருந்து அஞ்சுக்குள்ள உடம்புல ஹார்மோன் பொங்கும். கத்தும், கடிக்கும், காகிதம் கிழிக்கும், இருட்டா ஒரு பொந்து தேடும். அந்தப் பொந்துக்குக் காவல் நிக்கும். மனசுக்குப் பிடிச்சதுக்கு வாயில இருந்து எடுத்து ஊட்டும். அது ஊட்டினது உங்க மனைவிக்கு இல்ல சார். அந்த ரப்பர் அச்சுக்கு."

அவர் மேலே இருந்த அட்டையை மறுபடி பார்த்தார்.

"டிராயரை யாரு திறந்து வச்சது?"

"நான்தான்."

"சூடா, கூழ் மாதிரி சாப்பாடு?"

"நான்தான்."

"முதுகைத் தடவுறது?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"துணைக் கிளிதான் தன் துணைக்கு முதுகைத் தடவும். கூழும் துணைதான் ஊட்டும். விளக்கு பத்து மணி வரைக்கும் எரிஞ்சா அது உடம்புக்கு, 'நாள் நீளமா இருக்கு, கூடு கட்டுற காலம்'னு அர்த்தம். நீங்க ஆறுதல் சொன்னதா நினைச்சீங்க. அது வேற மாதிரி எடுத்துக்கிட்டது."

"அப்ப அதுக்கு துக்கமே இல்லையா?"

அவர் துண்டை மடித்தார். "இல்லைன்னு நான் சொல்லல. வீட்டுல ஒரு ஆள் குறைஞ்சது அதுக்குத் தெரியும். ஆனா இந்தக் கட்டுல இருக்கறது அது இல்ல. டிராயரை மூடுங்க. பன்னிரண்டு மணி நேரம் இருட்டு, தூக்கம். தலையை மட்டும் தொடுங்க. கூண்டை இடம் மாத்துங்க. தேடித் தேடிச் சாப்பிடற மாதிரி விதையை ஒளிச்சு வையுங்க. ரெண்டு மூணு மாசத்துல இறங்கும்."

"திரும்பப் பேசுமா?"

"அதை என்னால உறுதியாச் சொல்ல முடியாது. பருவம் தாண்டினதும் சிலது பழைய சொல்லை விட்டுடும். சிலது விடாது."

மச்சினியிடம் போனில் சொன்னேன். எதிர்முனையில் நீச்சல் குளத்தின் எதிரொலி.

"டிராயரை மூடறதா? அது அக்காவைத் தேடி உள்ள போய் உக்காந்திருக்கு. நீங்க மூஞ்சில அடிச்ச மாதிரி மூடுவீங்களா?"

"டாக்டர் சொல்றாங்க..."

"டாக்டருக்கு அக்காவைத் தெரியுமா?"

எனக்கும் அந்தச் சந்தேகம் உள்ளுக்குள் இருந்தது. அதே சமயம் வேறொன்றும் இருந்தது. பல வருடம் வேலை பார்த்த அரிப்பு. ஒரு புத்தகம் எந்தத் தலைப்பில் சேரும் என்று தெரியாவிட்டால், முன்னுரையை நம்பாமல் உள்ளே திறந்து பார்ப்பேன். அடுத்த ஞாயிறு அவள் வருவதற்குச் சற்று முன், அறையின் எதிர் மூலையில், தரையில், ஒரு காலி ஷூப் பெட்டியைப் படுக்கவைத்தேன். என் ஷூ வந்த பெட்டி. மனைவி அதைத் தொட்டதுகூட இல்லை. உள்ளே பாலிஷ் டப்பாவின் மூடி ஒன்றைப் போட்டேன்.

"என்ன இது, குப்பை?" என்றபடி வந்தாள் மச்சினி.

"உக்காரு. பேசாம பாரு."

"பேசாமலா? நானா?"

பத்து நிமிடத்தில் மேனேஜர் டிராயரிலிருந்து தலையை நீட்டியது. பெட்டியைப் பார்த்தது. இறங்கி வந்து, காலை அகட்டி அகட்டி நடந்து, மூன்று முறை சுற்றி வந்து, உள்ளே நுழைந்தது. சரக் சரக்கென்று அட்டை கிழிபடும் சத்தம். பிறகு அந்த முனகல். வாரக்கணக்கில் என் மனைவியின் கைக்குட்டைமேல் கேட்ட அதே முனகல். பாலிஷ் மூடிக்கு முன்னால் தலையை ஆட்டி ஆட்டி, வாயிலிருந்து எடுத்து, பயபக்தியோடு ஊட்டியது.

மச்சினி வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. விரலிடுக்கு வழியாகச் சிரிப்பு பீறிட்டு வந்தது.

"துரோகி! அத்தான், பாருங்களேன், ஷூ பாலிஷ்! இத்தனை நாளா நாம ரெண்டு பேரும் இதுக்காகவா அழுதோம்?"

சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே முழங்காலில் முகம் புதைத்தாள். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். இந்தச் சோதனையைப் பற்றிப் பிறகு டாக்டரிடம் சொன்னபோது, எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினீர்களே என்று நன்றாகத் திட்டினார். திட்டு வாங்கியதில் வருத்தமில்லை.

டிராயரை அன்றே காலி செய்தோம். சின்ன பிரஷ்கள், பேட்டரி மூடிகள், ஒன்பது காது அச்சுகள், வீட்டுக்கு வருகிறவர்களைச் சோதிக்க அவள் வைத்திருந்த, கையடக்கமான பீப் ஒலிக்கும் கருவி. அடியில் ஒரு காகிதம், பாதி கிழிந்து. மேலே என் பெயர்.

வருடத்துக்கு ஒருமுறை அவள் எனக்கும் சோதனை வைப்பாள். பின்னால் நின்று கருவியை அமுக்குவாள், ஐந்து பீப், ஒன்றைவிட ஒன்று சன்னம். கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். முன்னால் இருந்த புத்தக அலமாரிக் கண்ணாடியில் அவள் கட்டைவிரல் தெரியும். அது அசையும்போதெல்லாம் நான் விரலைத் தூக்கிவிடுவேன். எனக்குக் கருவி மாட்டிக்கொள்ள இஷ்டமில்லை, அவ்வளவுதான். காகிதத்தில் பீப்புக்கு ஒன்றாக ஐந்து கட்டங்கள் இருந்தன. முதல் மூன்றிலும் டிக். நான்காவதிலும் ஐந்தாவதிலும் அவள் கையெழுத்தில் ஒரே சொல்: கண்.

"என்ன அத்தான் அது?"

"ஒண்ணுமில்ல." சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். டிராயரைத் தள்ளினேன். மரம் உப்பியிருந்தது, இருவரும் சேர்ந்து தள்ளித்தான் மூட வேண்டியிருந்தது.

பிறகு நடந்ததை எல்லாம் அட்டைகளில் வைத்திருக்கிறேன். முதல் வாரம் மேனேஜர் மூடிய டிராயரின் கைப்பிடியைக் கொத்திக்கொண்டே இருந்தது. சோபாவுக்கு அடியில் இடம் தேடியது. அங்கே பழைய பத்திரிகைகளை அடைத்தேன். மாலை ஆறு மணிக்குக் கூண்டைப் போர்த்திவிட்டு, நான் சமையலறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். பகலில் மேனேஜர் முதுகைக் காட்டிக்கொண்டு வந்து நிற்கும். தலையை மட்டும் சொறிந்துவிட்டு எழுந்துபோவேன். அது எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது. ஐந்தாவது வாரம் கத்தல் பாதியானது. ஏழாவது வாரம் என் சட்டைப் பொத்தானை மட்டும் கடித்தது. தலைப்பு இருக்க வேண்டிய இடத்தை எல்லா அட்டைகளிலும் காலியாக விட்டிருந்தேன். பேச்சு மட்டும் வரவில்லை. மச்சினி கேட்பதையே நிறுத்திவிட்டாள். அவள் சும்மா இருப்பது எனக்குப் பயமாக இருந்தது.

பதினோராவது ஞாயிறு. இருவரும் மேசையில் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தோம். கூண்டின்மேலிருந்து, "பீப்."

ஆப்பிளில் கத்தி பாதியில் நின்றது. நான் யோசிக்கவே இல்லை. விரல் தானாக உயர்ந்தது. மச்சினியும் விரலைத் தூக்கினாள். அக்காவிடம் சோதனை செய்துகொள்ளாத ஆள் இந்தக் குடும்பத்தில் யார் இருக்கிறார்கள்? மறுபடி, கொஞ்சம் சன்னமாக, "பீப்." இரண்டு விரல்கள். மூன்றாவது. இரண்டு விரல்கள்.

பிறகு அறை அமைதியாக இருந்தது. முடிந்தது என்று நினைத்து விரலை இறக்கினேன். மச்சினியின் விரல் மறுபடி உயர்ந்தது. கொஞ்சம் கழித்து இன்னொரு முறை. நான் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்து நானும் தூக்கியிருக்கலாம். கை எழவில்லை.

மேனேஜர் தலையைச் சாய்த்தது. அந்தக் கரகரப்போடு, ஒரு குறையும் இல்லாமல், "இப்ப கேக்குதா?" என்றது.

மச்சினி இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மேனேஜர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"இல்ல," என்றேன். "கடைசி ரெண்டும் கேக்கல."