படத்தில் நிற்க வேண்டியவர்

ஐஸ்பெட்டியின் தலைமாட்டில் குருசாமியின் மனைவி வெள்ளைத்தாய் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வலப்பக்கம் சுவரோரமாகத் தெருப் பெண்கள் ஏழு பேர். கால்மாட்டில், இறந்துபோனவரின் தம்பி மொக்கைச்சாமி, பிளாஸ்டிக் நாற்காலியில், முழங்கை இரண்டையும் தொடையில் ஊன்றியபடி. வாசல் பந்தலில் மில்லில் கூட வேலை பார்த்தவர்கள். அங்கேயே கடைசி நாற்காலியில், மாலையைப் போட்டுவிட்டும் கிளம்பாமல், மாடியில் சோலார் தகடு மாட்டிக்கொடுத்த கௌதம்ராஜ். உட்காராமல் நின்றது மகள் யோகேஸ்வரி ஒருத்திதான். அப்பாவின் போன் அவள் கையில் இருந்தது.

குருசாமி காலை ஐந்து நாற்பதுக்கு இறந்தார். ராஜபாளையத்து மில் ஒன்றில் முப்பத்தோரு வருஷம் ஃபிட்டராக இருந்தவர். மூன்று மாதமாக நெஞ்சு சரியில்லை. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். மகன் தங்கப்பாண்டியன் ராணுவத்தில், ஜம்முவில். அவன் வந்துசேர மறுநாள் காலையாகும். அதுவரைக்கும்தான் ஐஸ்பெட்டி.

பதினொன்று ஐந்துக்குப் பெட்டியின் இரைச்சல் நின்றது. மின்விசிறியும் நின்றது. எல்லோரும் முதலில் பெட்டியைப் பார்த்தார்கள், பிறகு கூரையைப் பார்த்தார்கள்.

"மாடி பூரா அம்புட்டுத் தகடு கெடக்கு. இந்த ஒரு பெட்டிய ஓட்டாதாக்கும்?" என்றாள் எதிர்வீட்டு மகாலட்சுமி, யாரையும் பார்க்காமல்.

கௌதம்ராஜ் எழுந்து வந்து சொன்னான். இது ஈ.பி. லைனோடு சேர்ந்து ஓடுவது. லைனில் கரண்ட் இருந்தால்தான் இதுவும் ஓடும். அதுபோக, புது மீட்டரே இன்னும் மாட்டவில்லை. அவன் சொல்லச் சொல்ல, கேட்டவர்கள் தலையாட்டினார்கள். ஒருவரும் நம்பியதாகத் தெரியவில்லை. பந்தல்காரர் ஜெனரேட்டருக்குப் போன் போட்டார். வெள்ளைத்தாய் கண்ணாடியின் மேல் உள்ளங்கையை வைத்து, குளிர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். ஜெனரேட்டர் வந்து இறங்குவதற்குள், பதினொன்று இருபத்தெட்டுக்கு, கரண்டே வந்துவிட்டது.

அதன் பிறகுதான் கௌதம்ராஜ் யோகேஸ்வரியை மாடிப்படிக்குக் கீழே கூப்பிட்டான்.

விஷயம் அவளுக்குத் தெரிந்ததுதான். விண்ணப்பம் போட்டதே அவள். அரசாங்க மானியம் எழுபத்தெட்டாயிரம் அப்பாவின் கணக்கில் வந்து விழும். அதை எடுத்துக் கொடுத்தால் தகட்டுக்கான கடைசிப் பங்கு தீரும். அப்படித்தான் பேச்சு. காகிதம் எல்லாம் ஏற்றியாயிற்று. பாக்கி ஒரே ஒரு படம். மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் தகடுகளுக்குப் பக்கத்தில் நிற்கிற படம். அப்பாவால் மாடி ஏற முடியவில்லை. அடுத்த வாரம் ஏறிவிடுவேன் என்று இரண்டு மாதம் சொன்னார். நாற்காலியில் வைத்துத் தூக்கிப்போகிறேன் என்று மொக்கைச்சாமி சொன்னபோது, "என்னத் தூக்குற அன்னைக்குத் தூக்கு, போ" என்றுவிட்டார்.

"அக்கா, தப்பா நெனைக்காதீக," என்றான் கௌதம்ராஜ். "இறப்புச் சான்றிதழ்ல தேதிதான் இருக்கும், மணி இருக்காது. இன்னைக்குப் படம் ஏத்திட்டா யாரும் கேக்க மாட்டாக. நாளைக்குன்னா முடியாது."

முடியாவிட்டால் என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். இணைப்பைப் பெயர் மாற்ற வேண்டும், வாரிசுச் சான்று வாங்க வேண்டும், மறுபடி முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். அதற்குள் திட்டம் இருக்குமோ முடிந்துவிடுமோ தனக்கே தெரியாது என்றான். மானியம் இல்லை என்றாகிவிட்டால் தகட்டை இறக்கிக்கொண்டு போகத்தான் முதலாளி சொல்வார். இதைச் சொல்லும்போது அவன் தரையைப் பார்த்தான்.

"படத்துக்கு?" என்றாள்.

அவன் உள்ளே கால்மாட்டில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தான். அண்ணனும் தம்பியும் பின்னால் இருந்து பார்த்தால் ஒரே ஆள் என்று தெருவே சொல்லும். நெற்றியும் அதே நெற்றி.

யோகேஸ்வரி தம்பி தங்கப்பாண்டியனுக்குப் போன் போட்டாள். விமான நிலையத்து அறிவிப்புச் சத்தத்துக்கு நடுவே அவன் முழுதும் கேட்டான். "அப்பா ஆசப்பட்டு வச்சதுக்கா. அத எறக்க விடாத. நான் வாரதுக்குள்ள முடிச்சிரு" என்றான்.

மொக்கைச்சாமியிடம் சொன்னாள். அவர் எழுந்தார். "அண்ணன் சட்ட ஒண்ணு குடு," என்றார்.

அறைக்குள் கட்டில் ஓரத்தில் நீலக் கட்டம்போட்ட சட்டை ஒன்று தேய்த்து மடித்து வைத்திருந்தது. கைக்குக் கிடைத்தது அதுதான். அதை எடுத்துக் கொடுத்தாள்.

மாடியில் வெயில் கொதித்தது. ஆறு தகடுகள், அவற்றுக்கு அப்பால் மேற்கே மலை. கௌதம்ராஜ் போனைப் பிடித்துக்கொண்டு இப்படியும் அப்படியும் நகர்ந்தான். தெருப் பந்தல் படத்தில் விழக்கூடாது. கீழே கொட்டு அடிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

"சத்தம் விழாதுல்ல?" என்றார் மொக்கைச்சாமி.

"படத்துல எப்படி விழும், சித்தப்பா? மொகத்த மட்டும் இறுக்கமா வைக்காதீக."

"இப்ப நான் அண்ணனா நிக்கேன், தம்பி. அவரு என்னைக்குச் சிரிச்சாரு?"

யோகேஸ்வரி பின்னால் நின்று திரையைப் பார்த்தாள். உள்ளங்கை அளவுத் திரையில், ஒரு கையைத் தகட்டின் சட்டத்தில் வைத்து, இடது காலில் பாரம் கொடுத்து, அப்பா நின்றார். அவள் பார்வையைத் திருப்பி மலையைப் பார்த்தாள். மூன்று படம் எடுத்தார்கள். பதினொன்று ஐம்பத்திரண்டு.

அவள்தான் முதலில் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் மொக்கைச்சாமி. முற்றத்துக் குழாயில் முகம் கழுவ வந்திருந்த வெள்ளைத்தாய் நிமிர்ந்து பார்த்தாள். மாடிப்படியில் நீலக் கட்டம்போட்ட சட்டை ஒவ்வொரு படியாக இறங்கி வந்தது. குழாயைத் திருகிய கை அப்படியே இருந்தது. தண்ணீர் வாளி நிரம்பி வழிந்து அவள் காலை நனைத்தது. மொக்கைச்சாமி கடைசிப் படிக்கு முந்தின படியில் நின்றுவிட்டார்.

வெள்ளைத்தாய் குழாயை மூடினாள். அவரை விட்டுவிட்டு மகளிடம் சொன்னாள்.

"ஏட்டி, அந்தச் சட்டைய அவுக்கச் சொல்லு. நாளைக்கு அவியளுக்குப் போட்டு அனுப்பத் தேச்சு வச்சேன்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். எதற்கு என்று கேட்கவில்லை.

மொக்கைச்சாமி படியில் நின்றபடியே பொத்தான்களைக் கழற்றினார். மூன்றாவது பொத்தான் வர நேரம் எடுத்தது. சட்டையை இரண்டு கையாலும் நீட்டினார். காலரிலும் முதுகிலும் வியர்வை ஊறியிருந்தது.

அப்போது அப்பாவின் போன் அதிர்ந்தது. படத்தை ஏற்றுவதற்கான ஓ.டி.பி., ஆறு எண்கள்.

"வந்துருச்சா அக்கா?" கௌதம்ராஜ் தன் போனில் விரலை வைத்துக் காத்திருந்தான். "சொல்லுங்க. பத்து நிமிஷந்தான் இருக்கும்."

யோகேஸ்வரி போனையும் சட்டையையும் எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். மேசைமேல் போர்வையை விரித்து, இஸ்திரிப் பெட்டியைச் சொருகினாள். சூடேறட்டும் என்று நின்றாள். போன் போர்வையின் ஓரத்தில் கிடந்தது. முதலில் காலர். பிறகு கைகள். முதுகில் வைத்ததும் ஈரம் சுரீர் என்றது, ஆவி எழுந்தது. அந்த இடத்தை நாலு தடவை தேய்த்தாள். வாசலில் கௌதம்ராஜ் வந்து "அக்கா" என்றான். சட்டையைத் திருப்பி முன்பக்கம் தேய்த்தாள். திரும்பவும் "அக்கா" என்றான். பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டு, அம்மா மடித்திருந்த மாதிரியே மடித்தாள்.

"பத்து நிமிஷம் ஆச்சா, தம்பி?"

"ஆயிருச்சு. இன்னொண்ணு அனுப்பச் சொல்லட்டா?"

"வேண்டாம். அந்தப் படத்த அழிச்சிருங்க."

"அப்ப தகடு?"

"பதினாறு கழியட்டும். எறக்கித்தான் ஆகணும்னா வந்து எறக்கிக்கோங்க."

அவன் நின்றான். அவனுக்கும் ஒரு முதலாளி இருந்தார், அவரிடம் சொல்ல ஒரு பதில் வேண்டியிருந்தது. பனியனோடு பின்னால் வந்த மொக்கைச்சாமி கையை நீட்டினார். "போன இங்கன காட்டு. மூணும் போச்சான்னு நானே பாக்கேன்."

மறுநாள் எட்டு மணிக்குத் தங்கப்பாண்டியன் வந்தான். அழுது ஓய்ந்த பிறகு அக்காவிடம் வந்து, முடித்தாயா என்று கேட்டான். இல்லை என்றாள். பால் தெளித்துக் காடாத்து முடியும்வரை அவன் அவளிடம் வேறு வார்த்தை பேசவில்லை. குருசாமியைக் குளிப்பாட்டி, நீலக் கட்டம்போட்ட சட்டையைப் போட்டார்கள். தூக்கும்போது முன்னால் வலப்பக்கம் மொக்கைச்சாமி தோள் கொடுத்தார்.

ஐந்தாம் நாள், ஸ்ரீவில்லிபுத்தூரில் தன் வீட்டுக்குத் திரும்பிய யோகேஸ்வரி, கோடு போட்ட தாளில் மின்வாரிய உதவிப் பொறியாளருக்குக் கடிதம் எழுதினாள். நேரில் போய்ச் சொல்லியிருக்கலாம். நேரில் சொன்னதற்கு ரசீது கிடையாது என்பார் அப்பா. குடிநீர்க் குழாய்க்கும் தெருவிளக்குக்கும் அவர் சொல்லச் சொல்ல எழுதிப் பழகிய கை. விண்ணப்ப எண், இணைப்பு எண், தேதி எல்லாம் எழுதிவிட்டு, அடுத்த பத்தியில் எழுதினாள்: "விண்ணப்பதாரரான என் தந்தை இம்மாதம் ஒன்பதாம் தேதி காலை 5.40 மணிக்கு இறந்துவிட்டார். ஆகவே அவர் தகடுகளின் அருகே நிற்கும் படத்தை அளிக்க இயலாது. தகடுகளின் படம் மட்டும் இணைத்துள்ளேன். என் தாயார் வெள்ளைத்தாய் பெயருக்கு இணைப்பை மாற்றவும், மானியத்துக்கு வழி இருந்தால் தெரிவிக்கவும் வேண்டுகிறேன்."

ஒருமுறை வாசித்தாள். 5.40 என்பதை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் அவள் அதை அடிக்கவில்லை.

தபால் நிலையத்தில் கோந்து டப்பா காய்ந்து கிடந்தது. விரலால் கிளறி எடுத்து உறையின் மடிப்பில் தடவி, கட்டைவிரலால் கடைசிவரை அழுத்தினாள். ஸ்பீடு போஸ்ட் ஜன்னலில் இருந்த பெண் உறையை எடைபோட்டு, ஊரைத் தட்டினாள், பின்கோடைத் தட்டினாள்.

"அனுப்புறவங்க போன் நம்பர்?"

அப்பாவின் மனுக்களில் எழுதிப் பழகிய பத்து எண்களை யோகேஸ்வரி மடமடவென்று சொன்னாள். அந்தப் பெண் ரசீதைக் கிழித்துக் கொடுத்தாள். முத்திரை விழுந்த உறை பின்னால் இருந்த சாக்குக்குள் போனது.

வாசல்படியில் இறங்கும்போது பைக்குள் அப்பாவின் போன் ஒருமுறை அதிர்ந்து நின்றது.