பிள்ளை பிறக்கிற வருஷம்

கல்யாணமாகிப் பத்து வருஷமாகியும் வேலாத்தாளுக்கு வயிறு திறக்கவில்லை. புருஷன் கன்னையன் நிட்டிங் மிஷின் ஓட்டினான். அவள் பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தாள்.

அந்தக் கம்பெனியில் ஒவ்வொருவர் வாயில் வருஷம் ஒவ்வொரு மாதிரி வரும். மேனேஜருக்கு எல்லாம் இங்கிலீஷ். "எய்ட்டி நைன் மாடல்" என்பார். பக்கத்து மேஜைச் சின்னத்தாய் விருதுநகர்ப் பக்கத்துக்காரி. "கம்மாய் ஒடஞ்ச வருசம்", "எங்கய்யா செத்த வருசம்" என்றுதான் சொல்வாள். வேலாத்தாளுக்கு எந்த வருஷமும் வெறும் நெம்பர்தான். எண்பத்தி ஒம்பது, தொண்ணூறு, அவ்வளவுதான்.

தொண்ணூற்று ஒன்றாம் வருஷம் சித்திரைக்கனியன்று இருவரும் அவிநாசிக் கோயிலுக்குப் போனார்கள். குருக்கள் அர்ச்சனைக்கு சங்கல்பம் சொன்னபோது நடுவே ஒரு சொல் அவள் காதில் தட்டியது. கம்பெனி போர்டில் தினமும் பார்க்கிற சொல்.

"சாமி, உற்பத்தின்னு என்னமோ சொன்னீங்களே, அதென்னங்க?"

"பிரஜோற்பத்தி. இன்னிக்குப் பிறந்த வருஷத்தோட பேரும்மா. பிரஜைன்னா பிள்ளைகள். பிள்ளைகள் பிறக்கிற வருஷம்னு வெச்சுக்கோ."

அவள் அப்படியே நின்றுவிட்டாள். கன்னையன்தான் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தான்.

அதன்பின் அந்தப் பேரை அவள் வாய் விடவில்லை. முதலில் 'பிரசோப்பத்தி' என்றுதான் வந்தது. பிசிறு வெட்டும்போதெல்லாம் முணுமுணுத்து முணுமுணுத்து நாக்கைப் பழக்கினாள். "என்னக்கா, மந்திரமா?" என்று சின்னத்தாய் சிரித்தாள். ஆடியில் வேலாத்தாள் வாந்தியெடுத்தபோது சிரித்தவளே கட்டிப்பிடித்து அழுதாள். மேஜை முழுக்கப் பெண்கள் அந்தப் பேரைச் சொல்லிப் பார்த்தார்கள். கன்னையனும் சொன்னான். தன் மிஷினில் ஓட்டிய மெத்தென்ற துணியில் ஒரு துண்டை முதலாளியிடம் கேட்டு வாங்கிவந்து, பிள்ளைக்கென்று துவைத்து மடித்து வைத்தான்.

அவளுக்கு ஒரே கவலை. "ஏனுங்க, சித்திரை பொறக்கறக்குள்ள பொறந்துருமுங்களா?"

"பொறந்துரும் புள்ள. பங்குனிதான சொல்லியிருக்காங்க."

பங்குனியில்தான் பிறந்தது. பெண் குழந்தை. பூனைக்குட்டி மாதிரி மெல்ல அழுதது. திருப்பூர் ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி அவள் பக்கத்தில் கிடந்தது. மறுநாள் மத்தியானம் மூச்சை நிறுத்திக்கொண்டது. கன்னையன் அந்தத் துணியில் பாதியைக் கிழித்துப் பிள்ளையைச் சுற்றி எடுத்துப் போனான். இரண்டு நாள் கழித்து அவளுக்குப் பால் கட்டியது. மீதித் துணியால் சின்னத்தாய்தான் அவள் மாரை இறுக்கிக் கட்டினாள். கட்டி முடிக்குமுன்பே துணி நனைந்தது.

மூன்றே வாரத்தில் சித்திரை பிறந்தது. "கோயிலுக்குப் போலாமா?" என்றான் கன்னையன்.

"அந்தக் குருக்களு வருசத்துக்குப் பேரு சொல்லுவாரு. எனக்கு வேண்டாமுங்க. நெம்பரே போதும்."

வேலைக்குத் திரும்பினாள். அவள் முன்னால் யாரும் அந்தப் பேரை எடுக்கவில்லை. தொண்ணூற்று ரெண்டு என்று சொல்ல வேண்டி வந்தால்கூடச் சின்னத்தாய் "அந்த வருசம்" என்று சொல்லித் தாண்டிப் போனாள். புதிதாக வருகிறவர்கள் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டால் வேலாத்தாள், "இல்லீங்க" என்று சொல்லி அடுத்த பனியனை எடுப்பாள். வயிறு மறுபடி திறக்கவில்லை.

தொண்ணூற்று ஐந்து தை மாதம் திருப்பூரில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். பந்தியில் எதிரே உட்கார்ந்திருந்த, மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்து நஞ்சம்மாள் என்ற பெரியம்மா கேட்டாள்: "உங்களுக்கு எத்தன கொழந்தைங்க கண்ணு?"

வேலாத்தாள் வாயைத் திறக்குமுன் கன்னையன் சொன்னான்: "ஒண்ணுங்க. பொண்ணு."

"எந்த வருசமுங்க?"

"பிரஜோற்பத்திங்க. பங்குனி."

பெரியம்மாவுக்குப் புரியவில்லை. பாயசத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். வேலாத்தாள் பாதி இலையில் எழுந்துவிட்டாள். கை கழுவும் இடத்துக்குப் பின்னாலேயே வந்தவனை மடக்கினாள்.

"ஏனுங்க அப்பிடிச் சொன்னீங்க? எதுக்குங்க?"

"பொறந்தாளல்ல வேலா? ஒரு நா இருந்தாளல்ல? நீ இல்லீங்க, இல்லீங்கன்னு சொல்லும்போதெல்லாம் மறுக்காவும் நாந்தான் தூக்கிட்டுப் போறேன்." அவன் குரல் உடைந்தது. அவன் அழுது அவள் பார்த்ததேயில்லை.

குழாயை மூடாமலே நின்றாள். பிறகு, இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டாள்.

"எங்கீங்க வெச்சீங்க?"

மொப்பெட்டில் நொய்யல் கரைக்குப் போனார்கள். ஆற்றில் கருநீலமாகச் சாயத்தண்ணி ஓடிக்கொண்டிருந்தது. கன்னையன் வண்டியை நிறுத்திவிட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தான். முன்பு மேடாக இருந்த நிலத்தைச் சமன்படுத்தி, யாரோ நீளமாகச் சுவர் எழுப்பியிருந்தார்கள். உள்ளே ஒரு புது ஷெட். அவன் அடையாளம் வைத்திருந்த வேலாமரம் இல்லை.

"இங்கதான்... இல்ல, இன்னுங் கொஞ்சம் அந்தாண்ட இருக்கோணும். வேலா, எனக்குத் தெரியலியே!"

சுவரைக் கையால் தடவிக்கொண்டே அவன் திரும்பத் திரும்ப நடந்தான். வேலாத்தாள் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினாள். "போதுமுங்க. உக்காருங்க" என்றாள். கல்யாணத்துக்குக் கட்டிவந்த பட்டுச்சேலையோடு சுவரோரம் மண்ணில் உட்கார்ந்தாள். அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். ஷெட்டுக்குள் மிஷின் ஓடத் தொடங்கியதும் அவர்கள் முதுகில் சுவர் மெல்ல அதிர்ந்தது.