வேர்க்குருவுக்குக் கட்டிய வேப்பிலை

சுப்பம்மாள் வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்தைச் செருகிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இந்தத் தீவில், மரைன் ஹில் மேட்டில் வேப்பமரம் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு. அந்தப் பாட்டையும் பட்டுவிட்டு வந்திருந்தாள் மகராசி. உள்ளே நாலு வயசுச் செல்லம் அனலாய்க் கொதித்துக் கிடந்தாள். பெற்றவள் ஜெயமணிக்கு அந்த வேப்பிலையைக் கண்டதும் ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது.

மெட்ராஸ் கப்பலில் வந்த காய்ச்சல் அது. ஃபீனிக்ஸ் பே கப்பல்துறையில் இறங்கி, மேடேறி, வீட்டுக்கு வீடு புகுந்துவிட்டது. ஃப்ளூ என்றார்கள் ஆஸ்பத்திரிக்காரர்கள். கூட்டத்தில் நிற்காதே, இருமினால் வாயை மூடு, கஞ்சி குடி, மிக்ஸ்சர் மருந்து குடி என்று சொல்லிப் போனார்கள். சுப்பம்மாள் காதில் எதுவும் ஏறவில்லை. குளிரில் நடுங்கிய பிள்ளையை இரண்டு கம்பளிக்குள் திணித்து ஜன்னலையும் சாத்தினாள். இந்தத் தீவுப் புழுக்கத்துக்குக் கேட்கவா வேண்டும்? கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு பொரிந்து தள்ளியது. ஆத்தா வந்திருக்கிறாள், இனி மருந்து கூடாது என்றுவிட்டாள். ஜெயமணியின் புருஷன் பக்கிரிசாமி நிக்கோபார் கப்பலில் வேலையாகப் போயிருந்தான். அவன் இல்லாதபோது அவன் அக்கா சுப்பம்மாள் வைத்ததுதான் சட்டம்.

"அது வேர்க்குரு அண்ணி. நீங்க போத்துன கம்பளியில வந்தது."

"ஊசி போட்டுத்தான் எம்புள்ளைய வாரிக் குடுத்தேன். நீயும் குடுக்கணுமாடி?"

ஊரில் அம்மை கண்டு அவள் மகன் போனது உண்மைதான். அதற்காக ஜெயமணியும் அழுதிருக்கிறாள். இன்றைக்கு அழுகை வரவில்லை. செத்த பிள்ளையைக் காட்டி இருக்கிற பிள்ளையையும் சாகடிக்கப் பார்க்கிறாளே என்று வெறுப்புதான் வந்தது.

வீடு வீடாக வந்த வங்காளிக் கம்பவுண்டர் வேப்பிலையைக் கண்டதும் வாசலோடு நின்று, அம்மையா என்று கேட்டார்.

"மாதா நிக்லா க்யா?"

அம்மைதான் என்றால் சாயங்காலம் வண்டி வரும், பிள்ளையை ஊருக்கு வெளியே ஷெட்டில் தனியாகப் போடுவோம், தாய்கூடப் போக முடியாது என்று இந்தியில் சொன்னார். எல்லாரும் சுப்பம்மாளைத்தான் பார்த்தார்கள். ஆமாம் என்றால் பிள்ளை ஷெட்டுக்கு. இல்லை என்றால் பக்கத்து வீட்டுப் பெண்கள் பார்த்துக்கொண்டிருக்கத் தன் சொல்லைத் தானே விழுங்க வேண்டும். வேப்பிலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜெயமணி எட்டி அதைப் பிடுங்கி வீசினாள். "மாதா நஹி சாப். உள்ள வந்து பாருங்க."

அவர் பிள்ளையின் முதுகைத் தடவிப் பார்த்தார். கம்பளியை உருவிப் போட்டு ஜன்னலைத் திறந்தார். ஈரத்துணியால் உடம்பைத் துடைக்கச் சொல்லி ஒரு மிக்ஸ்சர் பாட்டில் கொடுத்தார். அடுத்த கப்பல் வரும்வரை வீட்டுக்கு ஒன்றுதான், பிள்ளைக்கு விடாமல் கொடு என்றார்.

"புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா அது உன் கையாலதான்," என்றாள் சுப்பம்மாள்.

"என் கையாவே இருக்கட்டும்."

சுப்பம்மாள் படியில் போய் உட்கார்ந்தாள். கஞ்சிக்குக்கூட உள்ளே வரவில்லை. பொழுது சாயும்போது செல்லம் கண் திறந்து தண்ணீர் கேட்டாள். சூடு கொஞ்சம் இறங்கியிருந்தது, முழுக்க விடவில்லை.

அப்போதுதான் வெளியே இருமல் கேட்டது. சுப்பம்மாள்தான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு இருமுகிறாள். நல்லா இருமட்டும் என்று நினைத்தாள் ஜெயமணி. பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். பிள்ளைக்கே பற்றுமோ பற்றாதோ. இவளானால் நாக்கு வறண்டு செத்தாலும் கேட்கமாட்டாள், கொடுத்தால் மூஞ்சியில் துப்பினாலும் துப்புவாள்.

ஒரு வேளை மருந்தை டம்ளரில் ஊற்றினாள். செல்லத்துக்கு அடுத்த வேளை வர இன்னும் நேரமிருந்தது. டம்ளரோடு நிலைப்படியில் நின்றாள். எதிரே சுப்பம்மாளின் முதுகு திரும்பாமல் இருமலில் குலுங்கிக்கொண்டிருந்தது.