மலைக்குப் போகும் எட்டுப் பேர்

அந்த மலை ஊருக்குப் போக வேண்டும் என்று முதலில் வாயைத் திறந்தவள் பைலட்தான். இதை இங்கேயே அழுத்திச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அதற்குப் பிறகு நடந்த எந்தப் பேச்சிலும் அவளைத் தவிர யாரும் அதைச் சொல்லவில்லை.

பைலட் என்பது புகுந்த வீட்டில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர். நகரப் பேருந்து ஓட்டுகிறாள். குடும்பத்தில் பெரிய வண்டி ஓட்டத் தெரிந்த ஒரே ஆள். கல்யாணமோ ஆஸ்பத்திரியோ, எங்கே போவதென்றாலும் ஒரு வேனை வாடகைக்கு எடுத்துச் சாவியை அவள் கையில் திணித்துவிடுவார்கள். "நம்ம பைலட் இருக்கும்போது நமக்கு என்ன குறைச்சல்!" என்று மாமியார் வாயெல்லாம் பல்லாகச் சொல்வார். அவளுக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது, இல்லை என்றால் பொய். பெருமையைக் கொடுத்து வேலை வாங்குவதில் அந்த வீட்டில் சின்னவர் பெரியவர் எல்லாருமே கைதேர்ந்தவர்கள்.

பணிமனை ஓய்வறையில் கூட வேலை செய்பவள் ஒருத்தி அந்த ஊருக்குப் போய்வந்த படங்களைக் காட்டினாள். அந்தக் காலத்துக் கல் வீடுகள், படிக்கட்டாகவே ஏறிப் போகும் கடைத்தெரு, மலைச்சரிவில் பாதி இடிந்து நிற்கும் கோட்டை. எல்லாம் அழகுதான். ஆனால் பைலட்டின் மனதைப் பிடித்துக்கொண்டது ஊருக்கு ஏறும் பாதை. வளைவுக்கு வளைவு பள்ளத்தாக்கு திறக்குமாம். மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து மடியில் உட்காருமாம்.

அவள் மலை ஏறாதவள் இல்லை. இரண்டு முறை இந்தக் குடும்பத்தையே மலைக்கு ஏற்றி இறக்கியிருக்கிறாள். அவள் பார்த்தது முன்னால் போன லாரியின் பின்பக்கம். பின்னால் எல்லாரும் "அங்க பாரு, அங்க பாரு!" என்று கத்துவார்கள். அவள் அங்கே பார்த்திருந்தால் எல்லாரும் பள்ளத்தில் கிடந்திருப்பார்கள்.

அன்று இரவு சாப்பாட்டின்போது கணவரிடம் தெளிவாகவே சொன்னாள்.

"என்னங்க, இந்தத் தடவ நான் ஓட்டல. ஜன்னலோரமா உக்காந்து, கையக் கட்டிக்கிட்டு, வேடிக்க பாத்துக்கிட்டே வரணும். ஓட்டறதுக்கு ஒரு ஆளப் போட்டுக்கலாம்."

"அதுக்கென்ன, போட்டுக்கலாம்," என்றார் அவர், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

அந்த ஒரு வாரத்துக்காக அவள் பட்ட பாடு கொஞ்சமா? லீவு சுலபத்தில் கிடைக்காது. கூட வேலை செய்பவர்களின் ஷிப்டுகளையெல்லாம் தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, வார ஓய்வைக்கூட விட்டுக்கொடுத்து, கிளட்ச் மிதித்து மிதித்து இடது முழங்கால் வீங்க, அந்த வாரத்தைச் சம்பாதித்தாள். முழங்காலுக்குத் தைலம் தேய்க்கும்போதெல்லாம் அந்த ஜன்னலோர இடத்தை நினைத்துக்கொள்வாள்.

ஏற்பாடுகளைக் கொழுந்தன் எடுத்துக்கொண்டான். இன்சூரன்ஸ் விற்பவன். பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் கையெழுத்துப் போடாமல் எழுந்து போக முடியாது. இலவசம் என்று எதையாவது சேர்த்து வாங்காவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் வீட்டில் எல்லாரும் கூடினார்கள். பைலட் மட்டும் ஷிப்ட் முடிந்து, காக்கிச் சட்டையோடு, கடைசியாகப் போய்ச் சேர்ந்தாள்.

"வாங்க அண்ணி! எல்லாம் முடிஞ்சிடுச்சு!" என்றான் கொழுந்தன். "வேன் புக் பண்ணியாச்சு. நாமளே ஓட்டிக்கற மாதிரி."

"நாமளேன்னா, யாரு?"

அவள் ஏதோ நகைச்சுவை சொல்லிவிட்டதைப் போல எல்லாரும் சிரித்தார்கள். கணவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் திடீரென்று மின்விசிறியை ஆராய ஆரம்பித்திருந்தார்.

"என்னங்க, நான் உங்ககிட்ட சொன்னேனே?"

"சொன்னே. ஆனா வெளி ஆளு எதுக்குன்னு தம்பி சொன்னான். அதுவும் சரியாத்தானே இருக்கு."

அவளுக்குச் சுரீரென்றது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்போதுதான் நாத்தனார் தங்கும் இடத்தைப் பற்றி ஆரம்பித்தாள்.

"அண்ணி, இருநூறு வருஷத்துப் பங்களாவாம்! நமக்குன்னு நாலு ரூம். அம்மாவும் சின்னவளும் ஒண்ணுல, நாங்க ரெண்டு பேரும் ஒண்ணுல, தம்பியும் அவன் பொண்டாட்டியும் ஒண்ணுல, அண்ணனும் பெரியவனும் ஒண்ணுல. எட்டுப் பேர், கச்சிதமா அமைஞ்சு போச்சு!"

பைலட் கூடத்தை ஒருமுறை பார்த்தாள். மாமியார், கணவர், கொழுந்தன், அவன் மனைவி, அவர்களுடைய பையனும் பெண்ணும், நாத்தனார், அவள் கணவர். எட்டுப் பேர். பேருந்தில் ஏறும் தலைகளை எண்ணிப் பழகியவள், தப்பாக எண்ணுவாளா?

"அப்போ நான் எங்க படுக்கறது?"

கொழுந்தன் முகத்தில் முதலில் ஒரு குழப்பம் வந்தது. பிறகு அது தெளிந்து, ஒரு அசட்டுச் சிரிப்பு வந்தது.

"அய்யோ அண்ணி! அது என்னாச்சுன்னா, பங்களாக்காரன் போன்ல 'டிரைவர் உண்டா'ன்னு கேட்டான். உண்டுன்னேன். 'டிரைவருக்கு வண்டி ஷெட் பக்கத்துல ரூம் இலவசம்'னான். இலவசம்னதும் சரின்னுட்டேன். அப்புறம் எத்தனை பேருன்னான், டிரைவர விட்டுட்டு எட்டுன்னு..."

வேண்டுமென்றே செய்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு எரிந்திருக்காது. இவர்களுக்கு மறந்தேபோயிருக்கிறது! கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து, வீட்டு ஆட்களை எண்ணச் சொன்னால், அவள் கணக்கிலேயே வரவில்லை. அதையும் அந்த வீட்டில் ஒருத்தர்கூடக் கவனிக்கவில்லை, கட்டிய கணவர் உட்பட. தன் அறையில் தம்பி மகன் படுப்பான் என்று கேட்டபோதுகூட அவருக்கு உறைக்கவில்லை, பாருங்கள்.

"ஒரு வாரம்தானே," என்றார் அவர் மெதுவாக. "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம். கட்டில் இருக்குமில்ல?"

பைலட்டுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நான் ஓட்ட மாட்டேன்."

"கடைசி நேரத்துல கால வாரி விடறியேம்மா," என்றார் மாமியார்.

"எல்லாரோட சந்தோஷத்தையும் கெடுக்காதே," என்றார் கணவர்.

"எல்லாரோட சந்தோஷம்னா அதுல என்னோடது சேராதா?" அவள் குரல் பக்கத்து வீடு வரை போயிருக்கும். போகட்டும். "இந்த ஊரச் சொன்னதே நான். முழங்கால் வீங்க வீங்க லீவு சேத்தேன். எனக்கு ஷெட் பக்கத்துல படுக்கையா? ஓட்ட மாட்டேன்னா மாட்டேன். வேற ஆளப் பாருங்க."

முணுமுணுத்துக்கொண்டே கொழுந்தன் வேன்காரனிடம் ஒரு டிரைவரின் நம்பரை வாங்கினான். எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான். அந்தப் பக்கம் கனத்த குரல். வெளி ஆள் என்றதும் கொழுந்தனின் பேச்சில் தேன் ஒழுக ஆரம்பித்தது.

"மலையில இருட்டினப்புறம் ஓட்ட மாட்டேன் சார்."

"வேணவே வேணாம்ணே! உங்க உடம்புதான் முக்கியம்."

"சாப்பாடு நேரத்துக்கு இருக்கணும்."

"நாங்க சாப்பிடறதுக்கு முன்னாடி உங்களுக்குத்தான்ணே."

"வண்டி ஷெட் பக்கத்துல ரூம் குடுப்பாங்க. அங்கெல்லாம் படுக்க முடியாது, குளிரு."

"சேச்சே! அங்க யாராவது படுப்பாங்களாண்ணே? உங்களுக்கு நல்ல ரூமா ஒண்ணு சேத்துப் போட்டுடறேன்."

மாமியார்கூட ஆமாம் என்று தலையாட்டினார். பாவம், பகலெல்லாம் வண்டி ஓட்டுகிற மனுஷன். பைலட் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அந்தக் கனத்த குரல்மேல் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்த மனிதர் கேட்டதெல்லாம் நியாயம். இத்தனை நியாயமும் தெரிந்து வைத்துக்கொண்டுதான் இவர்கள் இத்தனை வருஷம் இருந்திருக்கிறார்கள்!

"கடைசியா ஒண்ணுண்ணே," என்றான் கொழுந்தன் குழைந்து. "உங்களுக்கு எங்ககூட வர இஷ்டம்தானே? நாங்க கட்டாயப்படுத்தறதா நெனச்சுக்காதீங்க."

பைலட் எழுந்தாள்.

"தம்பி, இப்போ கேட்டீங்களே, அத அப்படியே இந்தப் பக்கம் திரும்பி, என்கிட்ட ஒரு தடவ கேளுங்க."

கொழுந்தன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தார். கடைசியில் கணவர்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நீ... எங்ககூட வர்றியா? உனக்கு இஷ்டம்தானே?"

"எனக்குச் சம்மதம் சார்," என்றது போன்.

மாதக்கணக்காக அவள் நெஞ்சுக்குள்ளும் அதே பதில்தான் இருந்தது. கேட்டிருந்தால் கேட்ட அன்றைக்கே துள்ளிக் குதித்துச் சொல்லியிருப்பாள். இப்போது பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நான் யோசிச்சுச் சொல்றேன்," என்றாள்.