குளோரின் என்று அச்சான விடை

விடைத்தாள் திருத்தும் கூடத்தில் வேதியியல் ஆசிரியை சிவப்புப் பேனாவை மேசையில் அறைந்தாள். ஹைட்ரஜன் குளோரைடு, குளோரின் இரண்டில் எதில் முனைவுள்ள சகப்பிணைப்பு இருக்கிறது என்பது கேள்வி. அச்சடித்துத் தந்த விடைக்குறிப்பு குளோரின் என்றது.

"சார், குளோரின்ல ரெண்டும் ஒரே மாதிரி அணு. எலக்ட்ரானை ரெண்டும் சமமா இழுக்குது, அதனால முனைவே கிடையாது. ஹைட்ரஜன் குளோரைடுல குளோரின் தன் பக்கமா அதிகம் இழுத்துக்குது. அதுதான் முனைவுள்ளது. குறிப்பை மாத்திப் போட்டிருக்காங்க."

தலைமைத் திருத்துநர் நிமிரவில்லை. "மேல இருந்து வந்தது, மேடம். அதுல இருக்கிறபடி போடுங்க. ஒரு மார்க்தானே?"

"சரியா எழுதின பிள்ளைக்கு முட்டையா? என் கை போடாது!"

"அப்போ வேற ஆளைப் போட்டுக்கறேன்."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பாடப்புத்தகத்தை விரித்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். "இந்தப் புத்தகம் தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நான் போயிடறேன்."

அவர் கையெழுத்துப் போடவில்லை; வேண்டாவெறுப்பாகப் போனை எடுத்தார். அரை மணி நேரத்தில் பதில் வந்தது: அச்சுப்பிழை.

"சரி, இனிமே திருத்தறதுல மாத்திக்கலாம். காலையில திருத்திக் கட்டி வெச்சதை விட்டுடுங்க," என்றார்.

"அந்தப் பிள்ளைங்க மட்டும் என்ன பாவம் பண்ணாங்க?"

பதிலுக்குக் காத்திராமல் அவள் அலமாரியிலிருந்து கட்டுகளை இறக்கினாள். இறுகிய முடிச்சு ஒன்று அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்து ஆளுக்கொரு கட்டை எடுத்துக்கொண்டார்கள். அவள் கோபம் மட்டும் அடங்கவில்லை.