எண்ணக்கூடாத மூச்சு

"ரெண்டு வாரத்துல வூட்டுல யாருக்காச்சும் சளி, இருமல், மூச்சு வாங்குறது இருந்துச்சாங்க?" என்று கேட்டாள் நர்ஸ் மலர்கொடி.

உத்திராபதி யோசிக்கவே இல்லை. "இல்ல."

அடுப்பு விறகா, கேஸா? "கேஸு." சிலிண்டர் காலியாகி மூணு மாசம். எத்தனை பேர் ஒரே அறையில படுக்குறீங்க? "ஆளுக்கொரு அறை." வீட்டுக்கே அறை ஒன்றுதான். பீடி? "தொடுறதில்ல." காதில் செருகின பீடி அவள் கண்ணெதிரேதான் இருந்தது.

அரசாங்கத்து ஆளிடம் உண்மையைச் சொன்னால் வம்பு. போன வருசம் ஒருத்தன் வந்து சுண்ணாம்புக்கல் லாரித் தூசியைப் பற்றி எழுதிக்கொண்டு போனான். தூசி அப்படியே இருக்கிறது, எழுதினவனைத்தான் காணோம்.

"எந்த ஊர்ல, எந்த மாசம், எந்த மாதிரி வூட்டுப் புள்ளைக்கு நெஞ்சுச்சளி வருதுன்னு நாடு பூரா எடுக்குற கணக்குங்க அய்யா. நீங்க இல்லன்னு சொல்லிட்டா, கணக்குல இந்தத் தெருவே இருக்காது."

"இல்லாட்டிப் போவுது."

அவள் தாளை மடிக்கும்போது உள்ளேயிருந்து முனகல் வந்தது. மூச்சுக்கு ஒரு முனகல். நர்ஸ் கேட்காமலே உள்ளே போனாள்.

"பாப்பாதாங்க, முத்தமிழ். எட்டு மாசம்," என்றாள் மருமகள் கவிதா. "நாலு நாளா இருமுது. நேத்துலேருந்து பால் குடிக்கல. மாமாதான் சொல்ல வேணாம்னாரு."

நர்ஸ் குழந்தையின் சட்டையைத் தூக்கிவிட்டு செல்போனில் மணி பார்த்தாள். "ஒரு நிமிசம் மூச்ச எண்ணணும்."

உத்திராபதி குறுக்கே வந்து நின்றார். "எண்ணக்கூடாது. மனுச மூச்ச எண்ணுனா ஆயுசு கொறஞ்சிடும். காச்சல்கூட இல்ல, தூங்குது. நீ கெளம்பு."

"தூங்கலங்க. முடியாம கெடக்கு."

"ஊசி போட ஆள் புடிக்கிறியா?"

"மாமா, நவுருங்க," என்றாள் கவிதா. அந்த வீட்டுக்கு வந்து நாலு வருசத்தில் அவரிடம் அப்படி அவள் பேசினதில்லை. அவர் நகரவில்லை.

நர்ஸ் கொல்லையில் இருந்த ஆட்டுப்பட்டியைப் பார்த்தாள். "சரி, நான் எண்ணலங்க. ஆடு வளக்குறவருதானே, நீங்களே விலாவப் பாருங்க."

குனிந்து பார்த்தார். மூச்சுக்கு மூச்சு விலாவுக்குக் கீழே குழி விழுந்து எழுந்தது. போன வாரம் கருப்பு வெள்ளாட்டுக்கு விலா இப்படித்தான் அடித்தது. ஆட்டுக்கு எண்ணலாம், குத்தமில்லை. எண்ணிப் பார்த்துவிட்டு, வெயில் ஏறட்டும் என்று விட்டார். உச்சிப்பொழுதுக்குள் செத்துப்போனது.

அவரை அறியாமல் உதடு அசைந்தது. ஒண்ணு, ரெண்டு, மூணு. நர்ஸ் மணியை மட்டும் பார்த்துக்கொண்டாள்.

"நிமிசம் ஆச்சுங்க. எத்தன?"

"அறுவத்தெட்டு."

"அம்பதே அதிகங்க." சொல்லிக்கொண்டே நூத்தியெட்டுக்குப் போன் போட்டாள்.

அரியலூர் ரோட்டில் ஆம்புலன்ஸ் பறந்தது. குழந்தை மூக்கில் ஆக்சிஜன் குழாய். கூப்பிடாமலே ஏறி உட்கார்ந்திருந்த உத்திராபதி, "அந்தத் தாள எடு," என்றார் நர்ஸிடம்.

"அப்புறம் எழுதிக்கலாங்க."

"இப்பவே எழுது. இருமல் உண்டு. விறகு அடுப்பு. ஒரே அறையில அஞ்சு பேரு."

"பீடி?" கேட்டது கவிதா.

காதிலிருந்ததை எடுத்து உள்ளங்கையில் நசுக்கினார். "அதுவும். புள்ள பக்கத்துல ஒக்காந்துதான்."

குழந்தையின் விலாவையே பார்த்து எண்ணினார். எதிரே கல் லாரி ஹாரன் அடிக்கும்போதெல்லாம் எண்ணிக்கை தப்பியது. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.